கல்தூசியும் நம் மூச்சும்

குடுமியான்மலைக்குச் செல்கிறவர்கள் குகைக்கோயிலை ஒட்டிய பாறையில் உள்ள இசைக் கல்வெட்டைப் பார்த்து வியக்காமல் திரும்புவதில்லை. நாமும் வியந்திருக்கிறோம். ஆனால் அதைச் செதுக்கியவரின் நெஞ்சுக்குள் எவ்வளவு கல்தூசி போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோமா? இன்றும் நம் மாவட்டத்துக் கல்குவாரிகளில் உழைப்போர் அத்தூசியைத்தான் சுவாசிக்கின்றனர். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாகி, சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. இருமலைக் கண்டதும் காசநோய் என்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு.

எக்ஸ்ரேயில் தழும்பு தெரிவதற்குள் காலம் கடந்துவிடலாம். குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையோ இரு நுரையீரலுக்கும் சேர்த்து ஒரே கணக்கைச் சொல்லும். எந்த மூலையில் காற்று நுழையவில்லை என்று சொல்லாது. கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவக் கூடாதா? அது பெரும்பாலும் உடலிலுள்ள நீரைக் கொண்டு படமெடுப்பது. நுரையீரலில் நிறைந்திருப்பது காற்று. ஆகவே படம் கறுப்பாகவே விழும்.

1994இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி கண்டனர். காலை வழிபாட்டுக்கு நிற்கும் மாணவியரைப் போல, செனான் வாயுவின் அணுக்களை லேசர் ஒளியின் உதவியால் ஒரே திசையில் வரிசைப்படுத்தி, சுண்டெலியின் நுரையீரலில் நிரப்பிப் படமெடுத்தனர். (நம் வரிசை மணி அடித்ததும் கலைவது போல அந்த வரிசையும் விரைவில் கலைந்துவிடும்!) மனிதர் அவ்வாயுவை உள்ளிழுத்துச் சில வினாடிகள் மூச்சை அடக்கினால், காற்று போகும் இடம் வெளிச்சமாகவும் போகாத இடம் இருட்டாகவும் தெரியும். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 12 வயது நிரம்பியவர்களுக்கு இம்முறை முதன்முதலாக அனுமதிக்கப்பட்டது.

ஆனால் செனான் அரிய வாயு. அதைத் தயாரிக்கத் தனிக் கருவி வேண்டும். ஸ்கேன் எந்திரத்திலும் தனி ஏற்பாடு வேண்டும். கல் உடைப்பவருக்கு இது எட்டுமா?

1996இல் வெளிவந்த மற்றோர் ஆய்வே நமக்கு அதிக நம்பிக்கை தருகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது ஒரு படம், தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது மற்றொரு படம். ஆக்சிஜன் இரத்தத்தில் கரையும் இடத்தில் மட்டும் படம் சற்று மாறும். மாற்றம் சிறிது; செனான் படத்தின் தெளிவு இதில் இல்லைதான். எனினும் ஆக்சிஜன் எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் இருக்கிறதே!

புதுக்கோட்டையில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இத்தகைய ஆய்வை நம் நாட்டு மருத்துவர்கள் மேற்கொள்ளும்போது, முதலில் கல்குவாரித் தொழிலாளரை அழைக்க வேண்டும் என்பது நம் கருத்து. அதுவரை குவாரியில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கச் சொல்ல எந்தப் படமும் வேண்டியதில்லை.