ஐம்பது என்றால் ஐம்பதா?

ஜோகூர் பாருவில் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் புது ரவுட்டர் வாங்கினார். பைபர் இணைப்பில் நெரிசல் கூடினால் சிம் கார்டையும் சேர்த்துக்கொள்ளுமாம். எத்தனையில் சேர வேண்டும் என்ற இடத்தில் 80 என்று போட்டிருந்தார். "80 என்ன? சதவீதமா, மெகாபிட்டா?" என்றேன். விழித்தார். எனக்குச் சித்தியின் ஞாபகம் வந்தது.

நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது சித்தி ஒரு நிறுவனத்தின் சிகாமட் கிளையில் கணக்குப் பார்த்தார். ஜோகூர் பாரு தலைமையகத்துக்குக் கணக்கு அனுப்ப ஐ.எஸ்.டி.என். இணைப்பு. இப்போது போல் எந்நேரமும் திறந்திருக்காது. அனுப்ப ஏதாவது இருந்தால் ரவுட்டரே டயல் செய்யும், வேலை முடிந்தால் வைத்துவிடும். அந்த இணைப்பில் வினாடிக்கு 64 கிலோபிட் கொண்ட இரண்டு பாதைகள். ஒன்று போதாவிட்டால் இரண்டாவதையும் திறந்து 128 ஆக்கலாம். ஆனால் இரண்டாவது பாதை என்பது இன்னொரு தொலைபேசி அழைப்பு. அதற்குத் தனிக் காசு.

ஒரு மாதம் பில் எகிறிவிட்டது. மேலாளர் ரவுட்டரைப் பார்க்கவில்லை, சித்தியைப் பார்த்தார். போனுக்குப் பக்கத்து மேசை அவருடையதுதானே. "யாரிடம்மா இவ்வளவு நேரம் பேசுனீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். அன்று சித்தி வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

சில வாரம் கழித்து வந்த டெக்னிஷியன்தான் கண்டுபிடித்தார். முதல் பாதை பாதி நிறைந்தால் இரண்டாவதைத் திற என்று சொல்ல நினைத்து, முன்பு வந்த யாரோ 50 என்று எழுதிவிட்டார்கள். சிஸ்கோ ரவுட்டர்களில் இந்தக் கட்டளைக்கான அளவு நூற்றுக்கு அல்ல, 1 முதல் 255 வரை. பாதி வேண்டுமென்றால் 128 போட வேண்டும். 50 என்பது ஏறத்தாழ 20 சதவீதம், அதாவது பன்னிரண்டு பதின்மூன்று கிலோபிட். கொஞ்சம் பெரிய மின்னஞ்சல் போனாலே இரண்டாவது அழைப்பு கிளம்பிவிடும். கையேட்டில் உள்ளதுதான், ஆனால் கையேட்டை யார் படிக்கிறார்கள்?

குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. மாற்று இணைப்பை எழுப்பும் இன்னொரு கட்டளை சதவீதத்தில்தான் கேட்கும். அதற்கு இரண்டு எண்: 60இல் திற, 5இல் மூடு என்பது போல. நடுவே ஏன் இவ்வளவு இடைவெளி? 60இல் திறந்து 58இல் மூடச் சொன்னால், போக்குவரத்து லேசாக ஏறி இறங்கும்போதெல்லாம் அழைப்பு போகும், வரும். ஒவ்வொன்றும் பில்லில் ஒரு வரி.

இன்னொன்று, ரவுட்டர் பார்ப்பது அந்த நொடியின் நெரிசலை அல்ல, சராசரியை. சொல்லாவிட்டால் 5 நிமிடச் சராசரி. 30 வினாடி வரை குறைக்கலாம். எங்கள் ஸ்டூடியோவில் பழைய ஒலிமானியின் முள்ளும் இப்படித்தான், சட்டென்று வெடிக்கும் சிரிப்பு முழுதாக அதில் தெரியாது. சராசரி நீளமாக இருந்தால், கோப்பு போய்ச் சேர்ந்த பிறகு இரண்டாவது பாதை திறக்கும். குறுகலாக இருந்தால் சின்னத் துள்ளலுக்கெல்லாம் பதறும். அலுவலகத்தில் எப்போது, எவ்வளவு பெரிய கோப்பு போகிறது என்று தெரிந்தவர்தான் இதைச் சரியாக வைக்க முடியும். சிகாமட்டில் அது தெரிந்த ஒரே ஆள் சித்தி. அவரை யாரும் கேட்கவில்லை.

டெக்னிஷியன் எண்ணை 180 ஆக்கினார். அடுத்த மாதம் பில் இறங்கியது. மேலாளர் அவருக்கு நன்றி சொன்னாராம். சித்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறு வருடம் சித்தி வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நண்பர் அந்த 80 என்னவென்று இன்னும் பார்த்துச் சொல்லவில்லை.