ஈஸி மோட்ல விளையாடுறது கேவலமா?

1/ வீடியோ கேம்ல ‘ஈஸி’ வச்சு விளையாடுறவங்களைக் கிண்டல் பண்றவங்களுக்கும், அந்தக் கிண்டலுக்குப் பயந்து ‘ஹார்ட்’ வச்சுட்டுப் பாதியிலேயே மூடி வைக்கிறவங்களுக்கும் இந்த த்ரெட். சின்னசேலத்துல க்ளினிக் வச்சிருக்கிற டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. படிங்க.

2/ ஆக்‌ஷன் கேம் ஆரம்பிச்சதும் ஈஸியா, நார்மலா, ஹார்டான்னு கேக்கும். இந்த ‘நார்மல்’ங்கிற வார்த்தையோட நாங்க தினமும் மல்லுக்கட்டுறோம். லேப் ரிப்போர்ட்ல நார்மல் அளவுன்னு போட்டிருப்பாங்கல்ல? பெரும்பாலும் அது ஆரோக்கியமான ஆட்கள்ல 95 சதவீதம் பேர் அடங்குற வரம்பு. மீதி 5 பேரும் ஆரோக்கியமானவங்கதான். ஆனா வரம்புக்கு வெளியே நிப்பாங்க.

3/ கேமோட நார்மலும் யாரோ சில பேரை வச்சு அளந்ததுதான். பத்து விரலும் ஒழுங்கா வேலை செய்ற, கன்ட்ரோலர் புடிச்சுப் பழகின கைக்கு அது நார்மல். உங்க கைக்கும் அதுவே நார்மலா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

4/ கண்ணு பார்த்து விரல் அசையவே சுமார் கால் நொடி ஆகும். வயசு ஏற ஏற அது இன்னும் கூடும். பல வருஷம் சுகர் இருந்தா விரல் மரத்துப்போகலாம். வீசிங்குக்கு சால்பூட்டமால் எடுத்தா கை நடுங்கலாம். சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பார்க்க முடியாத ஆண்கள் நம்ம நடுவுலயே இருக்காங்க, பல பேருக்கு அது தனக்கு இருக்குன்னே தெரியாது. இவங்க எல்லாருக்கும் உங்க ‘நார்மல்’ ஏற்கெனவே ஹார்ட்.

5/ ஒரு பையன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். மாட்டுக்குப் புல் நறுக்குற மிஷின்ல வலது கை ஆள்காட்டி விரல் பாதி போயிடுச்சு. பழைய பிஎஸ்4-ல காட் ஆஃப் வார் (2018-ல வந்தது) விளையாடுவான். அதுல கோடாலி வீசுற ரெண்டு பட்டனும் வலது கை ஆள்காட்டி விரலுக்குக் கீழதான் இருக்கும்.

6/ அந்த கேம்ல ஈஸிக்குப் பேரே ‘எனக்குக் கதை வேணும்’ங்கிற மாதிரி இருக்கும். அதை வச்சதுக்கு, “கதை கேக்கணும்னா உங்க ஆயாகிட்ட போய் கேளுடா”ன்னு கூட்டாளிங்க சிரிச்சிருக்காங்க. அன்னைக்கு கன்ட்ரோலரைக் கீழ வச்சவன் அப்புறம் தொடலை. க்ளினிக்குக்கு வரும்போது கையை பேன்ட் பாக்கெட்ல வச்சுக்கிட்டுதான் உட்காருவான்.

7/ இதுல டாக்டர் கவலைப்பட என்ன இருக்கு? அடிபட்ட கையைப் பயன்படுத்தாம வச்சா, மிச்சமிருக்கிற விரல்களும் இறுகிப்போகும். ரப்பர் பந்தை அமுக்குன்னு சொன்னா ரெண்டு நாள் செய்வாங்க, மூணாம் நாள் பந்து கட்டிலுக்கு அடியில கிடக்கும். கேம் மருந்துன்னு நான் சொல்லலை. ஆனா அவன் ஆசைப்பட்டுக் கையை அசைச்ச ஒரே நேரம் அதுதான். நாலு பேர் சிரிப்புல அது போச்சு.

8/ “நாங்கல்லாம் அந்தக் காலத்துல கான்ட்ராவையே முடிச்சவங்க”ன்னு ஒரு குரூப் வரும். அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. 3 உயிர்லயா முடிச்சீங்க? மேல மேல கீழ கீழ, இடது வலது இடது வலதுன்னு தட்டி 30 உயிர் வாங்கினவங்கதானே நாம எல்லாரும்? அதுக்குப் பேர் என்ன? ஈஸி மோட்.

9/ அந்த கோட் வந்த கதை இன்னும் சூப்பர். கோனாமி கம்பெனியில கசுஹிசா ஹாஷிமோட்டோன்னு ஒருத்தர், 1986-ல கிரேடியஸ் கேமை வீட்டு மிஷினுக்கு மாத்திக்கிட்டிருந்தார். டெஸ்ட் பண்ண விளையாடிப் பார்த்தா அவராலேயே முடியலை, அவ்வளவு கஷ்டம். அதனாலதான் அந்த கோடை உள்ள வச்சார். கேமை உருவாக்கினவருக்கே ஈஸி தேவைப்பட்டிருக்கு. உங்களுக்கு என்ன வெட்கம்?

10/ கிண்டலை ஆரம்பிச்சு வச்சதுல கேம் கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. 1992-ல வந்த உல்ஃபென்ஸ்டைன் 3டி-ல ஈஸியைத் தேர்ந்தெடுத்தா, ஹீரோ தலையில குழந்தைக் குல்லா, வாயில சூப்பான். துப்பாக்கிச் சண்டைக்கு வந்த ஆளைப் பால்வாடிக்கு அனுப்பி வச்சாங்க.

11/ ‘நார்மல்’னு நெஞ்சை நிமிர்த்துறவங்களுக்கு ஒரு தகவல். ரெசிடென்ட் ஈவில் 4 (2005) நார்மல்ல நீங்க திரும்பத் திரும்பச் செத்தா, கேம் சத்தமில்லாம தானே லேசாகிடும். உங்களுக்குத் தெரியாம உங்களுக்கு உதவி நடந்திருக்கு. தெரிஞ்சே உதவி கேக்குறவனைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு என்ன உரிமை?

12/ “கஷ்டம்தான் கலை, செகிரோவைப் பாருங்க”ன்னு அடுத்த வாதம். 2019-ல வந்த செகிரோல கஷ்டத்தைக் குறைக்கிற வசதியே கிடையாது. ஒரு படைப்பாளி அப்படி முடிவு பண்ணலாம், மதிக்கிறேன். ஆனா அந்த வசதியைப் படைப்பாளியே கொடுத்திருக்கிற கேம்ல, அதைத் தொட்டவனை நீங்க எதுக்கு விரட்டுறீங்க?

13/ வேற வழியும் இருக்கு. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 (2020) கேம்ல 60-க்கும் மேல உதவி வசதிகள். எதிரியோட பலம், கிடைக்கிற பொருள்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா கூட்டிக் குறைக்கலாம். செலஸ்ட் (2018) கேம்ல வேகத்தையே பாதியாக்கலாம். நாங்க மாத்திரை டோஸை ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்துறோமே, அதே வேலைதான்.

14/ போட்டின்னு வந்தா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா வீட்டுல தனியா உட்கார்ந்து விளையாடுறவன் யாரோட கோப்பையைத் திருடினான்?

15/ சரி, எந்த லெவல் வைக்கிறது? சின்ன டோஸ்ல ஆரம்பிங்க. கொட்டாவி வந்தா ஏத்துங்க. ஒரே இடத்துல ஏழெட்டு தடவை செத்து, பல்லைக் கடிச்சு, தோள் இறுகினா இறக்குங்க. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிச்சா லெவலை மாத்திப் பிரயோஜனம் இல்லை, ஆஃப் பண்ணிட்டு டாக்டரைப் பாருங்க. ராத்திரி ஒரு மணிக்கு ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ன்னு தோணினா அதுக்கும் இதே மருந்து.

16/ உங்க கூட்டத்துல ஒருத்தன் ஈஸி வச்சா, ஏன்னு கேக்காதீங்க. காரணம் அவன் கையில இருக்கலாம், கண்ணுல இருக்கலாம். வேலை முடிஞ்சு வந்த களைப்பா இருக்கலாம். ஒண்ணுமே இல்லாம சும்மா ஜாலிக்காகவும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் அவன் உங்களுக்கு பதில் சொல்லத் தேவையில்லை. பக்கத்துல உட்கார்ந்து, “அடுத்து என்னடா ஆச்சு?”ன்னு கேளுங்க. அது போதும்.