பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

'பம்ப் போய்விட்டது, மாற்றிவிடலாம்' என்பது நோயறிதல் அன்று, நோயறிய மறுப்பது.

1998-இன் நடுவிலிருந்து 2002 வரை, 24 வால்வு கம்மின்ஸ் எஞ்சினோடு வந்த டாட்ஜ் ராம் டிரக்குகளின் போஷ் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்பையே எடுத்துக்கொள்வோம். உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு மசகு, அதுவே குளிர்ச்சியும். அந்த டீசலை டாங்கிலிருந்து இழுத்துத் தருவது எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட ஒரு சின்ன மின்சார லிஃப்ட் பம்ப். சின்னது தளர்ந்தால் பெரியது வறண்டு தேயும். ஓட்டுநருக்கு இது தெரிய வழியில்லை. டேஷ்போர்டில் ஓர் எரிபொருள் அழுத்தமானி வைக்க நிறுவனத்துக்கு மனம் வரவில்லை.

பி0216 என்ற பிழைக்குறி வந்ததும், ஆயிரம் டாலருக்கும் மேல் விலையுள்ள பம்பைக் கழற்றுகிறார்கள். புதுப் பம்பின் எண்ணும் தண்டில் செருகும் கீயின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் நல்ல மெக்கானிக்குகளும் உண்டு. அந்த அக்கறையில் கொஞ்சத்தைச் செலவிட்டு, கேஜ் ஒன்றை மாட்டி, சுமையோடு மேடேறும்போது முள் 5 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே விழுகிறதா என்று பார்க்கலாகாதா?

'லிஃப்ட் பம்ப் செத்திருந்தால் வண்டியே ஓடாதே' என்பார்கள். ஓடும் ஐயா! விபி44 தானே உறிஞ்சிக்கொண்டு, தன்னைத் தின்றபடி ஓடும். காரணத்தை அப்படியே விட்டு மாட்டிய புதுப் பம்பும் அதே வழியில்தான் போகும். அப்போது பழி மறுபடி போஷுக்கு, பில் மறுபடி வண்டிக்காரனுக்கு.