பி பக்கத்தில் மிச்சம் மூன்று நிமிடம்

வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. ஓட்டை முறத்துக்கும் நடைவண்டிக்கும் பின்னால் ஒரு தகரப் பெட்டி. உள்ளே முப்பத்தெட்டு கேசட்.

பாட்டுப் பதிய தா.பழூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறுவேன். ரெக்கார்டிங் கடையில் பட்டியலையும் ஒரு டி.டி.கே. 60-ஐயும் கொடுத்தால் அடுத்த வாரம் கிடைக்கும். 60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டுக்கு நாலரை நிமிடம் வைத்தால், ஆறு பாட்டு போக மூன்று நிமிடம் மிஞ்சும். அதை வெறுமனே விட மனசு வராது. இளையராஜா முன்னிசை, இடையிசையில் தாராளம். அவர் பாட்டு அதில் அடங்காது. 78 சுழற்சி ரெக்கார்டு ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான் ஓடும். அந்த அளவுக்குப் போட்டுப் பழகிய விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாட்டுதான் கைகொடுக்கும். பழைய பாட்டெல்லாம் எனக்கு இப்படி இடம் அடைக்க வந்து ஒட்டிக்கொண்டவைதான்.

அட்டைகளில் என் கோணல் எழுத்து: ‘மழை’, ‘ரயில்’, ‘தூக்கம் வராத ராத்திரி’. ‘ஜென்சி மட்டும்’ என்று ஒன்று. ‘முள்ளும் மலரும்’, ‘ஜானி’, ‘அலைகள் ஓய்வதில்லை’ என்று தேடித் தேடிச் சேர்த்தது. ‘தத்துவம்’ என்றும் ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயசில் எனக்கு என்ன தத்துவமோ!

அடியில் ‘அக்கா கல்யாணம்’.

அதன் பி பக்க மிச்சத்துக்கு அப்பா சொன்னது, ‘புதிய பறவை’யில் (1964) சுசீலா பியானோவோடு பாடும் பாட்டு. படத்தில் அது இரண்டு முறை வரும், ஒன்று மகிழ்ச்சி, ஒன்று சோகம். கடைக்காரர் சோகத்தைப் பதிந்துவிட்டார். போட்டுப் பார்க்காமலே, யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் நான் உடைத்துவிட்டேன். கல்யாண வேன் அணைக்கரைப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அந்தப் பாட்டு வந்தது. கீழே கொள்ளிடம், மேலே வேன் முழுக்க அழுகைக் குரல். “யப்பா டிரைவரு, மொதல்ல அத நிறுத்து!” என்று பின்சீட்டிலிருந்து அத்தை கத்தினார். அக்கா மட்டும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போது கேட்க வழியில்லை. டூ-இன்-ஒன்னுக்குள் பெல்ட் பிசினாக உருகிக் கிடந்தது. போனில் மூவாயிரம் பாட்டு இருக்கிறது, எதையும் பாதிக்கு மேல் கேட்பதில்லை. அன்று ராத்திரி அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் போனில் பட்டியல் போட்டேன். ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததின் முன்னிசை காதுக்குள் தொடங்கிவிட்டது, முப்பது வருஷம் கழித்தும். கடைசிப் பாட்டுக்கு போன் இரண்டையும் காட்டியது. சோகத்தையே சேர்த்து அக்காவுக்கு அனுப்பினேன்.

காலையில் பதில் வந்திருந்தது: “எல்லாம் சரிடா. கடைசியில அத்தை கத்துறதக் காணோம்.”