பேட்மேன் செத்திருக்க வேண்டுமா?

(எச்சரிக்கை: முழுக் கதையையும் கீழே போட்டு உடைத்திருக்கிறேன். 2012-ல் வந்த படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டே வாருங்கள். 164 நிமிடம்தான், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.)

'தி டார்க் நைட் ரைசஸ்' என்று பேச்செடுத்தால் போதும், கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். நோலனின் மூன்று பேட்மேன் படங்களில் இதுதான் உச்சம் என்று ஒரு கட்சி. 2008-ல் 'தி டார்க் நைட்' எடுத்த மனுஷனா இப்படிச் சொதப்பினார் என்று இன்னொரு கட்சி. இந்தச் சண்டை படம் வருவதற்கு முன்பே ஆரம்பித்தது. குறை சொல்லி எழுதிய விமர்சகர்களுக்கு மிரட்டல்கள் குவிந்ததில், ராட்டன் டொமேட்டோஸ் தளம் அந்தப் படத்துக்கு மட்டும் வாசகர் கருத்துகளை நிறுத்தி வைத்தது. அப்போது படம் தியேட்டருக்கே வரவில்லை என்பதுதான் காமெடி!

எதிர்க்கட்சி வழக்கமாக எடுத்து வைக்கும் ஓட்டைகள் தெரிந்ததே. உடைந்த முதுகு ஒரு குத்திலும் ஒரு கயிற்றிலும் சரியாகிவிடுகிறது. கையில் காசில்லாத புரூஸ், ராணுவமே நுழைய முடியாத கோத்தமுக்குள் எப்படியோ வந்து நிற்கிறார். மாதக்கணக்கில் பாதாளத்தில் அடைபட்ட போலீஸ்காரர்கள் சவரம் செய்த முகத்தோடு மேலே வருகிறார்கள். பங்குச் சந்தையில் பகலில் ஆரம்பிக்கும் துரத்தல், ஒரு சுரங்கப்பாதையைத் தாண்டியதும் நடுராத்திரி ஆகிவிடுகிறது.

காமர்ஸ் படிக்கிற பாவத்துக்கு நான் ஒன்று சேர்த்தே ஆக வேண்டும். பேன் பங்குச் சந்தைக்குள் துப்பாக்கியோடு புகுந்து, புரூஸின் கைரேகையை வைத்து அவர் பேரில் புட் ஆப்ஷன் வாங்குகிறான். அவை காலாவதியானதும் புரூஸ் போண்டி! ஐயா, புட் வாங்கியவனுக்கு அதிகபட்ச நஷ்டம் அவன் கட்டிய பிரீமியம் மட்டும்தானே? எழுதி விற்றவனுக்குத்தான் தலைவலி. அப்படியென்றால் மொத்தச் சொத்தையும் பிரீமியமாகவே கட்டியிருக்க வேண்டும். அதுவும் ஊரே பார்க்க ஆயுதத் தாக்குதல் நடந்த நேரத்தில்! மோசடியைப் போகப்போக நிரூபிக்கலாம் என்று ஃபாக்ஸ் ஒரு சமாதானம் சொல்கிறார். நிஜ அமெரிக்காவில் 2010 மே 6 அன்று டவ் ஜோன்ஸ் சில நிமிடங்களில் ஆயிரம் புள்ளி அளவுக்கு விழுந்து எழுந்தபோது, 60 சதவீதத்துக்கு மேல் விலை விலகியிருந்த வர்த்தகங்களை ரத்து செய்வதாக அன்று மாலையே சந்தைகள் அறிவித்தன. அங்கே துப்பாக்கி கூட யாரும் தூக்கவில்லை. கோத்தமில் வர்த்தகத்தை ரத்து செய்வது இருக்கட்டும், உடனே வீட்டுக் கரண்டையும் பிடுங்கிவிடுகிறார்கள். பில் கட்ட ஒரு கெடு கூடவா கிடையாது?

ஆனால் இதற்காகவெல்லாம் ஒரு படத்தை மட்டம் தட்ட மாட்டேன். பேட்மேன் உடையில் ஒருவர் கூரை மேல் நிற்பதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, ஆப்ஷன் கணக்குக்கு அழுவது கொஞ்சம் ஓவர். எனக்கு உறுத்துவது வேறு.

முந்தைய படம் ஒரு பொய்யில் முடிந்தது. ஹார்வி டென்ட் செய்த கொலைகளை பேட்மேன் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். அந்தப் பொய்யின் மேல் டென்ட் சட்டம் வருகிறது, ஆயிரம் பேர் சிறையில் கிடக்கிறார்கள். எட்டு வருடம் கழித்து பேன் சிறை வாசலில் நின்று கமிஷனர் கார்டன் எழுதி வைத்திருந்த உரையைப் படித்து உண்மையை உடைக்கிறான். எவ்வளவு பெரிய இடம்! எட்டு வருடமாக ஒரு கொலைகாரனைக் கும்பிட்டிருக்கிறோம் என்று தெரிந்த ஊர் என்ன செய்யும்? படம் பதிலே சொல்வதில்லை. பிளேக் மட்டும் கார்டனை நாலு வார்த்தை கேட்கிறான், அத்தோடு சரி. சிறைக்கதவு திறக்கிறது, பணக்காரர்கள் வீடு சூறையாடப்படுகிறது, கடைசியில் போலீஸும் கூலிப்படையும் தெருவில் மோதிக்கொள்கிறார்கள். ஊர் மக்கள் எங்கே? முந்தைய படத்தில் இரண்டு படகில் இருந்தவர்களுக்குக் கூட ஓட்டுப்போட ஒரு வாய்ப்பு கொடுத்தார்களே.

சார்லஸ் டிக்கன்ஸின் 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' (1859) இந்தப் படத்துக்குத் தூண்டுதல் என்பது நோலன் சகோதரர்களே சொன்னது. டிக்கன்ஸ் கில்லட்டினைக் காட்டுவதற்கு முன்னால், தெருவில் உடைந்து ஓடிய மதுவை ஜனங்கள் கையால் அள்ளிக் குடிப்பதைக் காட்டிவிடுகிறார். பசியைப் பார்த்தபிறகுதான் வெறியைப் பார்க்கிறோம். நோலன் மக்கள் நீதிமன்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பசியை விட்டுவிட்டார். செலினா கைல் புரூஸின் காதில் சொல்லும் புயல் எச்சரிக்கையோடு அந்த விஷயம் முடிந்துபோகிறது.

ஆனால் இதே படத்தில் இன்னொரு பொய்யும் இருக்கிறது. ரேச்சல் டென்டைத் தேர்ந்தெடுத்து எழுதிய கடிதத்தை அல்ஃப்ரெட் எரித்துவிட்டதை, இத்தனை வருடம் கழித்து மாடிப்படியில் நின்று ஒப்புக்கொள்கிறாரே, அது! வளர்த்த பையன் சாகத்தான் துடிக்கிறான் என்று தெரிந்து, தன்னை வெறுத்தாலும் பரவாயில்லை என்று சொல்கிறார். மைக்கேல் கெய்ன் குரல் உடையும் அந்த இடத்தில் ஒரு குண்டு இல்லை, வண்டி இல்லை. மூன்று படத்திலும் எனக்கு அதற்கு மேல் ஒரு காட்சி கிடையாது. ஊரின் பொய்யைக் கோட்டை விட்டவர், வீட்டுக்குள் சொன்ன பொய்யை எவ்வளவு நன்றாக எடுத்திருக்கிறார்!

அதனால்தான் 'கடைசியில் பேட்மேன் செத்திருந்தால் காவியம்' என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கல்லறையில் கார்டன் படிப்பது டிக்கன்ஸின் சிட்னி கார்ட்டன் சாகும் இடத்து வரிகள். கார்ட்டன் செத்தான், புரூஸ் தப்பிவிட்டார், இது போங்கு ஆட்டம் என்கிறார்கள். புரூஸுக்குச் சாவது என்ன பெரிய தியாகமா? படம் ஆரம்பித்ததிலிருந்து அவர் அதற்குத்தானே காத்திருக்கிறார்! பாதாளச் சிறையில் கயிறு கட்டிக்கொண்டு ஏறும்வரை விழுந்துகொண்டே இருக்கிறார். உயிர் மேல் பயம் வந்து, கயிறில்லாமல் தாவும்போதுதான் மேலே வருகிறார். அப்படி ஏறி வந்தவனை மறுபடி குண்டோடு கடலில் கொன்றிருந்தால் அந்தத் தாவலுக்கு என்ன அர்த்தம்?

அதோடு, காமிக்ஸ் ஹீரோக்கள் நம் அக்கவுண்டன்சி பாடத்து 'கோயிங் கன்சர்ன்' மாதிரி, கடையை மூடவே மாட்டார்கள். 1992-ல் சூப்பர்மேனைச் சாகடித்தார்கள், 1993-ல் திரும்பி வந்தாச்சு. 1939-ல் பிறந்த பேட்மேனும் நோலனுக்குப் பிறகு 2016-ல் பென் அஃப்லெக்காக, 2022-ல் ராபர்ட் பேட்டின்சனாக வந்தார். இப்படிப்பட்ட வியாபாரத்தில் ஹீரோவைக் கொல்வது பழைய வித்தை. 'போதும்பா' என்று ரிட்டயர்மென்ட் கொடுத்து அனுப்புவதற்குத்தான் தைரியம் வேண்டும்.

ஃப்ளாரன்ஸ் காபிக்கடை அல்ஃப்ரெடின் கற்பனை என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். ஆட்டோபைலட்டை புரூஸே சரி செய்திருந்தது ஃபாக்ஸுக்குத் தெரியவருகிறது, காணாமல் போன முத்துமாலை செலினாவின் கழுத்தில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டுமாம்? அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் எனக்கு எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: பிளேக்கின் இன்னொரு பெயர் ராபின் என்று அந்தப் பெண்மணி உரக்கச் சொல்வது. யாரும் சொல்லாவிட்டாலும் எங்களுக்குப் புரிந்திருக்கும் சார்.