டியூக் வழக்கு சொல்வது அதுவல்ல

கல்லூரி விளையாட்டு வீரர்மீது பாலியல் குற்றச்சாட்டு எழும்போதெல்லாம், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2006-இல் நடந்ததைச் சுட்டிக்காட்டி, புகார் சொன்ன பெண்ணை முதலில் சந்தேகிக்கச் சொல்கிறார்கள். அந்த வழக்கையே அவர்கள் சரியாகப் படிக்கவில்லை. பாலியல் குற்றம் சாட்டப்பட்ட லக்ராஸ் அணி வீரர்கள் மூவரும் குற்றமற்றவர்கள் என்று 2007 ஏப்ரலில் வட கரோலினாவின் அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பர் அறிவித்தது, அவர்கள் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் அல்ல. மருத்துவப் பரிசோதனை மாதிரிகளில் எந்த வீரரின் டிஎன்ஏவும் இல்லை. வேறு ஆண்களுடையது இருந்தது. அதை அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் மறைத்தார், பிறகு தொழில் உரிமத்தையே இழந்தார். புகார் சொன்ன பெண்ணிடம் அடையாளம் காட்டத் தந்த படங்களோ அணியினருடையவை மட்டுமே. யாரைக் காட்டினாலும் ஒரு வீரர் சிக்கியிருப்பார்.

ஆதாரம் என்ற அதே அளவுகோலை 2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டில் நடந்ததற்கும் வையுங்கள். நினைவிழந்து கிடந்த பெண்ணை ஒரு நீச்சல் வீரர் தாக்கியதைச் சைக்கிளில் வந்த இரண்டு மாணவர்கள் கண்டார்கள்; ஓடியவரைப் பிடித்தார்கள். ஜூரி 3 குற்றங்களை உறுதிசெய்தது. நீதிபதி தந்தது 6 மாதச் சிறை. இது கொடுமை, வீரரின் எதிர்காலம் பற்றிய கவலைக்குத் தண்டனையில் இவ்வளவு இடம் கிடைத்திருக்கக் கூடாது. 'நேரில் பார்த்தவர் இல்லாவிட்டால் அவள் சொல் மட்டும்தானே மிஞ்சும்?' என்பார்கள். அவள் சொல்லும் சாட்சியம்தான். டியூக்கில் அந்தச் சொல் விழுந்தது, குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் ஏடிஎம் பதிவோடும் மற்ற ஆதாரங்களோடும் மோதியதால். அப்படி எதனோடும் மோதாத இன்னொரு பெண்ணின் வாக்குமூலத்தைத் தள்ளிவிட டியூக் வழக்கை எடுத்துவருவது நியாயமே இல்லை.