மாவடை மரவடை

சாயல்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். போன வருடம் வைகாசியில் எங்கள் குடும்பப் புஞ்சையில் நின்ற 18 பனைகளை ஒரே இரவில் பொக்லைன் வைத்துச் சாய்த்து, துண்டு போட்டு, செங்கல் சூளைக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். தகவல் தெரிந்ததும் கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்தேன். “பட்டாதாரர் புகார் எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம். நீங்க யாருங்க மேடம்?” என்றார்.

பட்டாதாரர் என் அண்ணன். மரங்களை விற்றவரும் அவரே.

பனை நம் மாநில மரம். 2021 ஆகஸ்டில் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகள் வழங்குவோம் என்றது. அந்த வாரம் என் மாணவிகளிடம் அதை மகிழ்ச்சியோடு சொன்னேன். இன்று அந்த மகிழ்ச்சி என்னிடம் இல்லை. பனையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. யாரைக் கேட்டுக் காக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. அனுமதி என்பது நிலத்துக்காரருக்கும் அதிகாரிக்கும் நடுவில் முடிந்துவிடுகிற விவகாரமாக இருக்கிறது. அந்த மரத்தடியில் ஆயுளைக் கழித்தவள் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆண் பனை ஏறுகிறான். உயிரைப் பணயம் வைத்துத்தான் ஏறுகிறான். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவன் இறங்கிய பிறகு நடப்பதைப் பாருங்கள். பதனீரை வடிகட்டி, விறகு பொறுக்கி, புகையில் நின்று, பதம் வரும்வரை துழாவி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக எடுப்பவள் பெண். பதனீர் காத்திருக்காது. பருவம் முடியும்வரை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, காய்ச்சல் தலைவலியும் கிடையாது. ஓலையைக் கிழித்துப் பெட்டியும் கொட்டானும் முடைபவள் பெண். பனங்கொட்டையைப் புதைத்துக் கிழங்கு பிடுங்கி, அவித்துச் சந்தைக்குச் சுமப்பவள் பெண். ஆனாலும் தொழிலுக்குப் பெயர் பனையேற்றம், தொழிலாளிக்குப் பெயர் பனையேறி. அடுப்படியில் நிற்பவளின் வேலைக்குத் தனியாக ஒரு பெயர்கூட வைக்கவில்லை நாம்.

இருபது வருடமாக வகுப்பில் மடலேறுதல் நடத்துகிறேன். பனை மடலில் செய்த குதிரைமேல் தலைவன் ஏறலாம், தலைவி ஏறக் கூடாது என்கிறது தொல்காப்பியம். ‘நான் ஏறுவேன்’ என்று அந்த விதியை மீறிய நாயகியின் குரலையும் திருமங்கையாழ்வார் என்னும் ஆண்தான் எழுதினார். இது பழைய இலக்கணம், தேர்வோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வருவாய்ப் பதிவேட்டிலும் அதே இலக்கணம்தான் இருக்கிறது.

‘நீங்க யாருங்க மேடம்?’ என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். 1989இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. அதற்குப் பல வருடம் கழித்துத்தான் எனக்குக் கல்யாணம். “சீர் செஞ்சாச்சு. நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போக வர வேணாமா?” என்றார் அம்மா. அடுத்த மாதமே சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பெண்ணுரிமை பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தவள்தான் நான். அந்தப் பனைகள் என் கவிதைகளில் நின்றன. அங்கே நிற்க எந்தப் பட்டாவும் தேவைப்படவில்லை.

ஊருக்குப் போனேன். அந்தப் பனைகளைப் பாட்டத்துக்கு எடுத்து ஏறிய வீட்டு அக்கா முப்பது வருடமாக அங்கே பதனீர் காய்ச்சியவர். ஆறுதல் சொல்லத்தான் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“ஏத்தா, நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்ட. உங்க அண்ணன் வித்துட்டாக. எங்ககிட்ட ஒரு வார்த்த யாரு கேட்டா? திரும்ப நட்டுக்கிடலாம்ங்கிறீக. அது பாளை விடுறப்ப நான் இருப்பனா?”

பனை பாளை விடப் பன்னிரண்டு பதினைந்து வருடமாவது ஆகும். விதைக் கணக்கு வாசிக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

‘ஏற ஆளில்லை, பனையை வைத்து என்ன செய்வது?’ என்கிறார் அண்ணன். ஏற ஆளில்லாதது உண்மைதான். விழுந்து சாவதிலிருந்தும் சாதி இழிவிலிருந்தும் தப்பித்து அந்த வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களைத் திரும்ப மரமேறச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் காய்ச்சவும் முடையவும் தெரிந்த பெண்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். விற்கும்போது அவர்களை ஆள் என்றே கணக்கில் எடுக்கவில்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

பாதுகாப்பு என்ற சொல்லைப் பெண்கள் நன்றாக அறிவோம். காக்கிறேன் என்பவர் நம்மைக் கேட்காமல் முடிவெடுப்பார், விற்கும்போதும் கேட்கமாட்டார். பனை விஷயத்திலும் அதுதான் நடக்கிறது.

ஆகவே சொல்கிறேன். வெட்ட அனுமதி கேட்கும் மனுவில், அந்த மரத்தை நம்பிப் பிழைப்பவர் யார் என்று எழுதியிருக்க வேண்டும். அவர்களை விசாரிக்காமல் அனுமதி தரக் கூடாது. பட்டா இல்லாதவள் கொடுக்கும் புகாரையும் வாங்க வேண்டும். காய்ச்சுபவளும் முடைபவளும் பனையேறியின் மனைவி என்றில்லாமல் தன் பெயரிலேயே தொழிலாளியாகப் பதிவாக வேண்டும்.

என்னைப் போலப் படித்துவிட்டு ஊரைவிட்டு வந்த பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்திரத்தை நீட்டினால் படித்துப் பாருங்கள். ‘மாவடை மரவடை’ என்று ஒரு சொல் அதில் வரும். நான் படிக்காமல் தாண்டிப் போன சொல் அது. 18 பனைகளும் அக்காவின் அடுப்பும் அதற்குள்தான் இருந்தன.